ஊறு

நீத்தார் பெருமை அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தோம். ஐம்புல நுகர்வுகளைக் கூறுமிடத்து ‘ஊறு’ வந்தது. மாணவர் ஒருவர் எழுந்து, “ஊறு என்றால் தீங்கல்லவா ஐயா? அது எப்படி இன்பமாகும்?” என்றார்.

‘உறுதல்’ என்பதன் அடியாய்ப் பிறந்த சொல் அது. மெய்யில் வந்து பொருந்துவதெல்லாம் ஊறே. பொருந்துவது தென்றலாகவும் இருக்கலாம், முள்ளாகவும் இருக்கலாம். வள்ளுவரே வினைத்திட்பத்தில் அதனை இடையூறு என்னும் பொருளில் ஆள்கிறார். இன்றைய வழக்கிலோ முள் மட்டுமே எஞ்சிவிட்டது. தொடுவின்பத்துக்குப் ‘பரிசம்’ என்னும் வடசொல்லை நாடுகிறோம். இவ்வளவும் சொன்னோம். மாணவர் முகத்தில் தெளிவு பிறக்கவில்லை.

எம் உம்மா இறுதி ஈராண்டும் கண்ணொளி இழந்திருந்தார், செவியும் மந்தம். விடுமுறையில் ஊர் சென்று கட்டிலருகே அமர்வோம். சுண்ணக்கட்டித் துகளால் வறண்ட எம் விரல்களை ஒவ்வொன்றாய் நீவுவார். நடுவிரலுக்கு வருமுன்னரே அவர் முகம் மலர்ந்துவிடும். தொல்காப்பியர் ஓரறிவுயிர்க்கு உற்றறிதலையே வைத்தார். அவ்வோரறிவே போதுமாயிருந்தது அவருக்கு.

இதனை மறுநாள் வகுப்பில் சொல்ல எண்ணினோம். நா எழவில்லை. கரும்பலகையில் ‘ஊறு’ என்றெழுதி, எதிரே ‘தொடுகை’ என்றெழுதிவிட்டு அடுத்த குறளுக்குச் சென்றோம்.