கொக்கலையில் இரண்டு நாள்

ஓய்வுபெற்றவர்கள் பொழுதுபோக்கப் பல வழிகளைக் கைக்கொள்கிறார்கள். சிலர் பண்ணிசை வகுப்புக்குப் போகிறார்கள். சிலர் கோடை பிறந்ததும் வீட்டுக் கோடியில் கத்தரியும் மிளகாயும் நட்டு, பனி விழுமட்டும் அவற்றின் சேமநலத்தையே பேசிக்கொண்டிருப்பார்கள். ஸ்காபரோவில் வசிக்கும் சங்க உறுப்பினர் ஒருவரோ எழுபத்தொன்பதாவது வயதில் தம் வீட்டு நிலவறையில் பிளாஸ்டிக் விமானம் கட்டத் தொடங்கினார்.

பெட்டி அவருடையதன்று. பேரனின் பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்தது. பன்னிரண்டு வயதுப் பேரன் நாலைந்து துண்டுகளை ஒட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டான். அலுமாரியைத் துப்புரவாக்கும்போது மூடியிலிருந்த படத்தைக் கண்டதும் பெரியவர் நின்றுவிட்டார். வள்ளத்தைப்போல வயிறும், அதற்கு மேலே தூணில் ஏற்றி வைத்தாற்போல நீண்ட சிறகும், இரு பக்கமும் கண்ணாடிக் குமிழும் உள்ள கற்றலினா விமானம்.

1968ஆம் ஆண்டில் இவர் காலித் தபாற்கந்தோரில் இளம் எழுதுவினைஞராக இருந்தார். மாத்தறை பஸ்ஸில் போகும்போது ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் கொக்கலை வாவியும் வரும். இவர் தங்கியிருந்த வீட்டின் சிங்களப் பெரியவர், சண்டைக் காலத்தில் அந்த வாவி நிறைய வள்ள விமானங்கள் நின்றன என்று சொல்லுவார். இளம் வயதில் அதை யார் காதில் வாங்கினார்கள்! ஐம்பத்தைந்து வருடங்களுக்கு மேல் கழித்து, கனடாவில் ஒரு கடதாசிப் பெட்டியின் மேல் அது வந்து நின்றது.

நூலகத்தில் தேடியபோது இன்னுமொரு செய்தி கிடைத்தது. 1942 ஏப்ரல் 4ஆம் நாள் கொக்கலையிலிருந்து புறப்பட்ட ஒரு கற்றலினா, இலங்கைக்குத் தெற்கே நெடுந்தூரம் கடலைத் துழாவிவிட்டு, மாலையாகும் நேரத்தில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. கண்டதை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் உயிருடன் சிறைப்பட்டனர். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பின் மேல் குண்டு விழுந்தது. ஆயினும் கொழும்பு விழித்திருந்தது. அந்த விமானத்தின் தலைவர் லெனார்ட் பேர்ச்சல் பிறந்த ஊர் சென் கத்தரீன்ஸ். ரொறன்ரோவிலிருந்து நயாகரா நீர்வீழ்ச்சி பார்க்கப் போகும் நம்மவர் எல்லாரும் கடந்து போகும் ஊர். போர் முடியும்வரை சிறையிலிருந்த பேர்ச்சல் 2004இல் காலமானார். அவர் சேர்ந்திருந்த 413ஆம் இலக்கக் கனடியப் படைப்பிரிவின் சின்னத்தில் இன்றைக்கும் ஒரு யானைத்தலை இருக்கிறது. இதைக் கேட்ட பேரன், "கனடாப் பிளேனில ஏன் பிள்ளையார்?" என்று கேட்டானாம். அவன் மறுபடி நிலவறைக்கு இறங்கி வந்தது அந்த யானையால்தான்.

ஆனால் வீட்டில் எல்லாருக்கும் இது சந்தோஷமாக இருக்கவில்லை. பெரியவர் 1986இல் தனியே வந்தவர். மனைவி பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தது 1991இல். இடைப்பட்ட ஆண்டுகளின் சத்தங்கள் அந்த அம்மாவின் காதை விட்டு இன்னும் போகவில்லை. வர்ணம் தூவுவதற்காக வாங்கிய சிறிய கொம்பிரசரை முதன்முதல் இயக்கிய அன்று, அடுப்படியில் நின்றவர் கறியை அப்படியே விட்டுவிட்டு யன்னலடிக்குப் போய் வானத்தைப் பார்த்தார். பிறகு படியிறங்கி வந்து, "இஞ்சேருங்கோ, வீட்டுக்குள்ள பொம்பர் வைச்சிருக்கிறது எனக்குச் சரிவராது" என்றார்.

"இது பொம்பர் இல்லையப்பா. தேடித் திரிகிற பிளேன். வாறதை முதலே கண்டு சொன்னது" என்று பெரியவர் கதை முழுவதையும் சொன்னார்.

அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். "எங்களுக்கு அப்பிடி முதலே சொல்ல ஒருத்தரும் இருக்கேல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார்.

அதன் பின்னர் அவர் வேலையைத் தடுக்கவில்லை. பெட்டியோடு வந்த குண்டுகள் ஒட்டப்படவில்லை. அவை இன்றும் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. கொம்பிரசரைப் போடுமுன் படியடியில் நின்று குரல் கொடுப்பது வழக்கமாகிவிட்டது.

இனி வேலைக்கு வருவோம். மாதிரி 72இல் ஒரு பங்கு அளவு. மெய்யான விமானத்தின் சிறகு நுனிக்கு நுனி 104 அடி. மாதிரியில் அது 44 சென்ரிமீற்றர், ஏறக்குறைய ஒரு முழம். துண்டுகள் எல்லாம் சட்டத்தில் கிளை கிளையாகப் பிடித்திருக்கும். முதலில் அவற்றைச் சவர்க்கார நீரில் கழுவிக் காயவிடவேண்டும். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்த் தன்மை இருந்தால் வர்ணம் பிடிக்காது. பேரன் இதைச் செய்யாமல் ஒட்டியதால் அவன் ஒட்டியவற்றைக் கழற்றவேண்டியதாயிற்று. இந்தப் பசை காகிதப் பசையைப் போன்றதன்று; பிளாஸ்டிக்கையே இளக்கி ஒன்றோடொன்று உருக வைப்பது. கூடினால் கெடும், குறைந்தால் பிளக்கும்.

பெட்டியில் இருந்தது சில்லு வைத்து நிலத்திலும் இறங்கும் வகை. பேர்ச்சல் ஓட்டியதோ நீரில் மட்டும் இறங்கும் வகை. ஆகவே இரு விலாவிலும் சில்லு மடங்கும் பள்ளங்களைப் பிளாஸ்டிக் தகடு வெட்டி மூடி, பட்டி பூசி, ஈரமாக்கிய அரத்தாளால் தேய்த்து, விரலால் தடவினால் விளிம்பு தெரியாதபடி செய்யவேண்டும். இதற்கே இரண்டு கிழமை சென்றது. பெரியவரின் விரல் நுனி உணராததைப் பேரனின் விரல் உணர்ந்தது. அவன் "இன்னும் இருக்கு, அப்பப்பா" என்றால் மறுபடி அரத்தாள்தான்.

மேலே பூசியது அக்காலக் கடற்காவல் விமானங்களுக்குரிய கருஞ்சாம்பலும் பச்சை கலந்த சாம்பலும். பூசி முடிந்ததும் விமானம் கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமான்போல மினுமினுத்தது. பேரனுக்கு அதுவே போதும். அதைப் பழசாக்கப் போவதாகப் பெரியவர் சொன்னபோது அவனுக்குக் கோபமே வந்தது. கஷ்டப்பட்டுத் துப்புரவாகச் செய்ததை யாராவது ஊத்தையாக்குவார்களா? நியாயமான கேள்விதான். ஆனால் வெயிலும் மழையும் உப்புக்காற்றும் படாத விமானம் எங்கும் பறந்ததில்லை.

வெயிலில் வெளிறிய நிறத்தைக் காட்டுவதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. வர்ணம் காய்ந்த மேற்பரப்பை நீரால் நனைத்து, சாப்பாட்டு உப்பைச் சிதறவிட்டுக் காயவிடவேண்டும். அதன் மேல் அதே நிறத்தில் வெள்ளை கலந்து மெல்லிய புகார்போலத் தூவி, பின் உப்பைத் துடைத்துவிட்டால், உப்புப் பிடித்த இடமெல்லாம் பழைய நிறமும் மற்ற இடம் வெளிறலுமாகத் திட்டுத் திட்டாய் இருக்கும். குசினி உப்புப் போத்தல் ஒரு நாள் முழுவதும் நிலவறையில் இருந்தது. பெரியவர் இதில் மிகவும் ஊக்கமாக இருந்தார். காலி வெயிலை அவருக்குத் தெரியும். சிவப்பு வர்ணம் பூசிய தபாற்பெட்டி அந்தக் கடற்காற்றில் எப்படி ரோசாப்பூ நிறமாகும் என்று கண்ணால் கண்டவர். சிறகின் மேற்புறம் முழுவதையும் அந்த நினைவிலேயே வெளிறச் செய்தார். பேரன்கூட நன்றாயிருக்கிறது என்று ஒப்புக்கொண்டான்.

உப்புப் போத்தலைத் தேடிவந்த அம்மா சிறகைக் குனிந்து பார்த்தார்.

"இது அங்க எத்தினை மாசம் நிண்டது?"

பெரியவர் புத்தகத்தைப் புரட்டினார். பேர்ச்சல் கொக்கலைக்கு வந்து இறங்கியது ஏப்ரல் 2. கடைசியாகப் புறப்பட்டது ஏப்ரல் 4.

"ரண்டு நாள்" என்றார்.

"அதுக்கு முதல்?"

அதற்கு முன் அந்தப் படைப்பிரிவு இருந்தது ஸ்கொட்லாந்துக்கும் வடக்கே, ஷெட்லாந்துத் தீவில். குளிரும் புயலும் உப்புநீரும்.

"வந்து இறங்கின கையோட ஆரும் அந்த ஊர் நிறத்துக்கு மாறுவினமே?" என்று சொல்லி அம்மா உப்பை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிரவு பெரியவர் வேலை செய்யவில்லை. புத்தகம் அவரிடம் ஒரு மாதமாக இருந்தது. அந்தத் திகதியையும் பலமுறை படித்திருக்கிறார். ஆனாலும் வர்ணத்தைக் கையில் எடுத்தபோது, அந்த விமானம் தாம் அறிந்த வாவியில் ஆண்டுக்கணக்காக நின்றதாகவே அவர் கை நம்பியது. ஒன்றைப் பழசாக்குகிறவன் அது எங்கே, எவ்வளவு காலம் இருந்தது என்று சாட்சி சொல்கிறான். இங்கே சாட்சி பொய்த்துவிட்டது.

மறுநாள் மிக மெல்லிய அரத்தாளால் மேற்புறத்தைத் தேய்த்து, பழைய நிறத்தையே மறுபடி தூவினார். அதன் பிறகு பூசியதெல்லாம் குளிர்நாட்டு அழுக்கு. கரும்பழுப்பு எண்ணெய் வர்ணத்தை நீர்போலக் கரைத்து, தகடுகள் சந்திக்கும் கோடுகளில் ஓடவிட்டு, காற்று ஓடும் திசையில் துணியால் துடைத்தார். வயிற்றின் இரு பக்கமும், நீர்மட்டம் நிற்கும் இடத்தில் பாசி நிறக் கறை. அதற்கு மேல் உப்பு வழிந்த வெண்கோடுகள். இயந்திரங்களுக்குப் பின்னால் சிறகின் மேல் சுண்ணக்கட்டித் தூளால் புகைத்தடம். அலை மோதும் மூக்கில் பஞ்சுத் துண்டால் ஒற்றியெடுத்த வெள்ளிப் பொட்டுகள். பேரன் செய்தது பொட்டுகள். அவனை நிறுத்துவதுதான் பெரும்பாடு. ஊத்தையாக்குவதில் ருசி கண்டுவிட்டான்.

சரஸ்வதி பூசைக்குச் சுவாமி அறையில் பேரனின் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அரமும் தூரிகைகளும் வைக்கப்பட்டன. விமானத்தை வைப்பதா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் காலையில் பார்க்கும்போது அது அங்கே, மஞ்சள் துணியின் ஓரத்தில் இருந்தது. வைத்தது யார் என்பது வீட்டில் தெரிந்த விஷயம்.

பூசை முடிந்து எடுக்கும்போது பேரன் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். வால் சிறகின் கீழ், ஒரு விரல் அகலத்துக்கு, அந்தப் பழைய வெளிறிய நிறம் அப்படியே இருந்தது.

"அப்பப்பா, இதில பெயின்ற் அடிக்க விட்டிட்டியள்."

"தெரியும்" என்றார் பெரியவர். "கவனமா வை."