இறுக்கு, இன்னும் இறுக்கு

எழுதி ரெண்டு மாசம் ஆச்சு. ஒரு பக்கம் தீசிஸ், இன்னொரு பக்கம் என் ப்ரொஃபசர்னு ரெண்டும் சேர்ந்து வாட்டுனதுல இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியல. ஆனா போன சனிக்கிழமை நடந்ததை எழுதாம விட்டா மனசு ஆறாது. அதான் வந்துட்டேன்.

எங்க யுனிவர்சிட்டில ஒரு அரைநாள் வகுப்பு வச்சாங்க. துப்பாக்கிச்சூடு, குண்டுவெடிப்பு, பெரிய விபத்துன்னு ஏதாவது நடந்தா, ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள பக்கத்துல இருக்கிறவன் என்ன செய்யணும்ங்கிறதுதான் பாடம். வந்ததுல பாதிப் பேர் என்னை மாதிரி பொதுஜனம், மீதி உள்ளூர் போலீஸ். மதியம் பீட்ஸா இலவசம்னு நோட்டீஸ்ல போட்டிருந்தாங்க. நான் எதுக்குப் போனேன்னு உங்களுக்கே புரிஞ்சிருக்கும் :-)

சொல்லிக்கொடுத்தவர் ராணுவத்துல மருத்துவ உதவியாளரா இருந்தவர். எடுத்த எடுப்பிலேயே கொலம்பைனைப் பத்தி ஆரம்பிச்சார். 1999 ஏப்ரல் 20, கொலராடோவுல ஒரு பள்ளிக்கூடம். ரெண்டு மாணவர்கள் கண்டபடி சுட்டதுல டேவ் சாண்டர்ஸ்ங்கிற வாத்தியார் குண்டடி பட்டு ஒரு வகுப்பறையில கிடக்கிறார். கூட இருந்த பசங்க சட்டையைக் கழட்டிக் காயத்துல வச்சு அழுத்துறாங்க. 'ஒருத்தர் ரத்தம் கொட்டிச் செத்துக்கிட்டு இருக்கார்'னு எழுதி ஜன்னல்ல வைக்கிறாங்க. வெளியில போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் நிக்குது. ஆனா கட்டடம் பத்திரம்னு உறுதியானாத்தான் மருத்துவ ஆளுங்களை உள்ள விடுவாங்க, அப்போ அதான் முறை. மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. மனுஷன் போயிட்டார்.

அதுக்கப்புறம் முறை மாறிடுச்சு. சிறப்புப் படைக்காகக் காத்திருக்காம முதல்ல வர்ற போலீஸே உள்ள போறாங்க. 1996ல ராணுவத்துக்காக டாக்டர் ஃபிராங்க் பட்லரும் அவரோட ஆளுங்களும் எழுதின போர்க்கள முதலுதவி முறையை, போலீஸுக்கும் நம்மள மாதிரி ஆளுங்களுக்கும் ஏத்த மாதிரி மாத்துறதுக்கு 2011ல ஒரு குழு அமைஞ்சுது. 2012ல சாண்டி ஹூக் பள்ளியில 20 குழந்தைங்களும் 6 பெரியவங்களும் கொல்லப்பட்டதுக்கு அப்புறம் டாக்டர்கள், போலீஸ், ராணுவம்னு எல்லாரும் உக்காந்து பேசினாங்க. 2015ல 'ஸ்டாப் த ப்ளீட்'ங்கிற இயக்கம் ஆரம்பிச்சுது. சாமானியனும் ரத்தத்தை நிறுத்தக் கத்துக்கணும், அவ்வளவுதான் அதோட நோக்கம்.

பாடம் ரொம்ப எளிசு. முதல்ல நீ பத்திரமா இருக்கியான்னு பாரு. உதவிக்கு ஆள் கூப்பிடு. ரத்தம் எங்கேருந்து வருதுன்னு தேடு. கை, காலா இருந்தா காயத்துக்கு ரெண்டு மூணு அங்குலம் மேல, மூட்டு மேல படாம, டூர்னிக்கே பட்டையைப் போட்டுக் குச்சியை முறுக்கு. ரத்தம் நிக்கிற வரைக்கும் முறுக்கு. மணி என்னன்னு எழுதி வை. அப்புறம் அவிழ்க்காதே, அது டாக்டர் வேலை. தோள்பட்டை, தொடை இடுக்குன்னா பட்டை போட முடியாது. காயத்துக்குள்ள துணியைத் திணிச்சு, ரெண்டு கையையும் வச்சு உன் எடை முழுசையும் போட்டு அழுத்து. பெரிய ரத்தக்குழாய் அறுந்தா சில நிமிஷத்துல உயிர் போயிடும். அதனாலதான் இவ்வளவு அவசரம்.

பயிற்சிக்கு எனக்கு ஜோடியா வந்தவர் ஆறடிக்கு மேல வளர்ந்த ஒரு போலீஸ்காரர். ரோட்டுல போலீஸ் கார் பின்னாடி வந்தாலே 'விசா பேப்பர் எல்லாம் சரியா இருக்கா'ன்னு மனசுக்குள்ள தடவிப் பார்க்கிற ஆளு நான். அவர் தொடையில பட்டையைப் போட்டு ரெண்டு முறுக்கு முறுக்கினேன். அவர் முகம் சுளிச்சதும் நிறுத்திட்டேன்.

"ஏன் நிறுத்திட்டே?"

"இல்ல... வலிக்குமேன்னு..."

"வலிக்கத்தான் செய்யும். செத்தவனுக்குத்தான் வலிக்காது. இறுக்கு, இன்னும் இறுக்கு."

இறுக்கினேன். அவிழ்த்தப்புறம் தொடையைத் தேய்ச்சுக்கிட்டே சொன்னார்: "எங்கிட்டயும் ஒண்ணு இடுப்புல தொங்குது. ஆனா குண்டு என் மேலேயே பட்டுட்டா, பக்கத்துல இருக்கிறவன்தான் அதை எடுத்துப் போடணும். அது நீயாக்கூட இருக்கலாம்."

அந்த நிமிஷம் எனக்குத் திண்டிவனம் ஞாபகம் வந்துச்சு.

2019 பொங்கல் லீவு. காலேஜ்லேருந்து ஊருக்குப் போற வழியில பஸ் நின்னுடுச்சு. இறங்கிப் பார்த்தா லாரியும் பைக்கும். ஒருத்தர் ரோட்டோரமா கிடக்கிறார், தொடையிலேருந்து ரத்தம். சுத்தி முப்பது பேர். "தொடாதீங்கப்பா, போலீஸ் கேஸ் ஆயிடும்"னு ஒரு குரல். முப்பது பேரும் தொடல. நானும் தொடல. என் தோள்ல துண்டு இருந்துச்சு, காலும் கையும் நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியா ஒரு ஆட்டோக்காரர் வந்து தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனார். அந்த ஆள் பிழைச்சாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வீட்டுல "பஸ் லேட்டு"ன்னு மட்டும் சொன்னேன்.

உதவி செய்யுறவங்களைப் போலீஸ் தொந்தரவு பண்ணக் கூடாது, பேரைச் சொல்லக்கூடக் கட்டாயப்படுத்தக் கூடாதுங்கிற விதிகளை 2016லேயே நம்ம உச்ச நீதிமன்றம் உறுதி பண்ணியிருக்கு. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துலயும் 134ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. அன்னிக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனா உண்மையைச் சொல்றேன், என்னை நிறுத்துனது போலீஸ் பயம் மட்டும் இல்ல. என்ன செய்யணும்னே தெரியல. 'வேற யாராவது செய்வாங்க'ன்னு கூட்டத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். கூட்டத்துல இருந்த எல்லாரும் அதையேதான் செஞ்சிருப்பாங்க.

இப்ப ஒரு டூர்னிக்கே வாங்கிப் பைக்குள்ள போட்டு வச்சிருக்கேன். ஃபோன்ல அம்மாகிட்ட சொன்னேன். "படிக்கப் போன இடத்துல உனக்கு எதுக்குடா இதெல்லாம்?"னு கேட்டாங்க. அப்பதான் திண்டிவனம் கதையை முதல்முதலா அவங்ககிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "ஊருக்கு வர்றப்ப எடுத்துட்டு வா. அப்பாவுக்கும் எனக்கும் சொல்லிக்கொடு"ன்னாங்க.

மக்களே, உங்க ஊர்ல இப்படி ஒரு வகுப்பு நடந்தா கண்டிப்பா போங்க. பீட்ஸா இல்லாட்டியும் போங்க.