நாலு காட்டாறும் ஒரு கால்வாயும்

ரூர்க்கிக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஊரிலிருந்து போன் செய்த எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்க என்னப்பா இருக்கு?" ஐஐடி இருக்கிறது, ராணுவக் குடியிருப்பு இருக்கிறது, மழை பெய்து ஓய்ந்த காலையில் வடக்கே இமயமலை தெரியும். என்னைக் கேட்டால் முதலில் கால்வாயைச் சொல்வேன். ஊர் நடுவே கங்கைக் கால்வாய் ஓடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை எட்டிப் பார்த்ததும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடை எனக்கு ஒத்துவராத விஷயம். கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையோரமாகவே மிதித்துப் போக ஆரம்பித்தேன்.

கால்வாயைப் பற்றிச் சுருக்கமாக: ப்ரோபி காட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கட்டியது. 1842-ல் வெட்டத் தொடங்கி 1854 ஏப்ரலில் தண்ணீர் விட்டார்கள். ஹரித்துவாரில் கங்கையிலிருந்து பிரிந்து, ரூர்க்கி வழியாக உத்தரப் பிரதேசத்துக்குள் போகிறது. ரூர்க்கியிலிருந்து ஹரித்துவார் வரை கரையோரமாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் போவதால் உண்மையில் ஏற்றம்தான், ஆனால் முழங்காலுக்குத் தெரியாது. என்னைப் போல நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஏற்ற வழி :-)

இந்த 30 கிலோமீட்டரில் சுவாரசியமானவை நாலு காட்டாறுகள். வடக்கே சிவாலிக் குன்றுகள் இருக்கின்றன. அங்கிருந்து இறங்கும் காட்டாறுகளை இங்கே 'ராவ்' என்கிறார்கள். வருடத்தில் ஒன்பது மாதம் வெறும் மணல், மழைக்காலத்தில் மரத்தையே புரட்டிக்கொண்டு வரும். கால்வாய் அவற்றைக் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும். எப்படிக் கடக்கிறது என்று பி.காம். படித்த நான் பல மாதம் யோசிக்கவே இல்லை. கரையில் இருக்கும் கல் சிங்கங்களைப் பார்ப்பேன், டீ குடிப்பேன், திரும்பிவிடுவேன். சொல்லிக்கொடுத்தவன் என் அக்கா மகன்.

ஒரு மார்ச்சில் பத்து நாள் தங்க வந்தான். சிவில் இன்ஜினியரிங் முடித்திருந்தான். ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் ஆறு மாதம் வேலை பார்த்தான், சம்பளம் ஒழுங்காக வரவில்லை. அதன்பின் வங்கித் தேர்வு. இரண்டு முறை கடைசிக் கட்டம் வரை போய்த் தவறிவிட்டது. "நீ பேங்க்ல இருக்க, அவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு" என்று அக்கா அனுப்பி வைத்தாள். பக்கத்து வீட்டில் ஒரு சைக்கிள் இரவல் வாங்கி, விடியற்காலை ஐந்தரைக்கு அவனையும் கிளப்பினேன்.

ரூர்க்கியைத் தாண்டியதும் சோலானி ஆறு. அதன்மேல் தொட்டிப் பாலம் கட்டிக் கால்வாயையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் காட்லி. ஆறு கீழே, கால்வாய் மேலே. 15 வளைவுகள், ஒவ்வொன்றும் 50 அடி. இந்த வேலைக்கு மண் சுமக்கத் தண்டவாளம் போட்டு, 1851-லேயே நீராவி இன்ஜின் ஓட்டியிருக்கிறார்கள். மருமகன் சைக்கிளை விட்டு இறங்கி அப்படியே நின்றான்.

"மாமா, இது சோலானியா? எங்க புக்ல படமா போட்டிருப்பாங்க. ரெண்டு மார்க் கேள்வி."

அதற்கப்புறம் பயல் வாயை மூடவில்லை. நீர் நீரைக் கடக்க மூன்று வழிதான் உண்டாம். கால்வாய் மேலே போகலாம், ஆறு மேலே போகலாம், இரண்டும் ஒரே மட்டத்தில் சந்திக்கலாம். "மூணுமே இந்த ஒரே கால்வாய்ல இருக்கு மாமா, வாங்க போவோம்" என்று அவன் முன்னே போனான். பீரான் கலியர் தர்காவைத் தாண்டி, கரும்பு டிராக்டர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி, தனௌரி போய்ச் சேர்ந்தோம்.

தனௌரியில் ரத்மௌ ஆறு கால்வாய்க்குள்ளேயே நேராக வந்து விழுகிறது. எதிர்க்கரையில் மதகுகள். வெள்ளம் வந்தால் மதகைத் திறந்து ஆற்றை அந்தப் பக்கம் வெளியே அனுப்பிவிடுவார்கள். கால்வாய் தன் வழியில் போகும். அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தவன், வெயில் ஏறியதும் சட்டையைக் கழற்றினான்.

"ஒரு முங்கு போட்டுட்டு வரேன் மாமா. வாய்க்கால்ல நீச்சல் கத்துக்கிட்டவன்தானே?"

நாங்கள் முக்கொம்பு பக்கத்து ஆட்கள். காவிரி வாய்க்காலில் குதிக்காமல் அங்கே யாரும் வளர்வதில்லை. நான் வாய் திறப்பதற்குள் டீக்கடைத் தாத்தா கையில் கரண்டியோடு ஓடி வந்தார். "ருக்கோ பேட்டா!" அவர் இந்தியில் சொன்னதன் சாரம்: இங்கே போவது நீச்சல் தெரிந்தவன்தான், தெரியாதவன் இறங்கவே மாட்டான். பக்கம் முழுக்கச் சரிவான செங்கல், பாசி, பிடிக்க ஒன்றும் இல்லை. போனவர்களை ரூர்க்கிக்குக் கீழே ஆசப்நகர் நீர்வீழ்ச்சியில்தான் தேடுவார்கள். தாத்தா ஒரு மரக்கிளையை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் காட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கண்ணிலிருந்து மறைந்தது. பயல் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டான்.

அடுத்தது பத்ரி ராவ், அதற்கும் மேலே ராணிப்பூர் ராவ். இரண்டு இடத்திலும் ஆறு மேலே, கால்வாய் கீழே. (ராணிப்பூரில் 'பெல்' தொழிற்சாலை இருக்கிறது. திருச்சிக்காரனுக்கு அந்தப் பெயரைப் பார்த்தாலே சொந்த ஊர் வந்த மாதிரி.) பத்ரியில் நின்று தலைக்கு மேலே போகும் காய்ந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"தலைமதகை இன்னும் கீழே வச்சிருந்தா இந்த நாலு கட்டுமானமும் வேண்டாமே மாமா? மலைத் தண்ணியோட மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை."

எனக்குப் புல்லரித்தது. 1860-களில் இதே கேள்வியைக் கேட்டவர் ஆர்தர் காட்டன். எங்கள் முக்கொம்பில் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டிய அதே காட்டன்தான். தலைமதகு மிக மேலே இருக்கிறது, சரிவு அதிகம், தண்ணீர் வேகம் தாங்காது என்று காட்லியோடு பெரிய சண்டையே போட்டார். மேலிருந்து எடுத்தால்தான் மேட்டு நிலங்களுக்குத் தண்ணீர் ஏறும் என்பது காட்லியின் பக்கம். தலைமதகு ஹரித்துவாரை விட்டு நகரவில்லை. ஆனால் வேகம் பற்றிய குற்றச்சாட்டில் உண்மை இருந்ததால், பிறகு கால்வாயில் திருத்த வேலைகள் செய்தார்கள். டீக்கடைத் தாத்தா கிளையைப் போட்டுக் காட்டியதும் அந்த வேகத்தைத்தானே?

இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் மிதித்தான். பிறகு, "2018-ல நம்ம மேலணையில ஒன்பது மதகு இடிஞ்சு போச்சே, அப்ப நான் பிளஸ் டூ. அதைப் பார்த்துத்தான் சிவில் எடுத்தேன்" என்றான். அவன் பிறந்ததிலிருந்து தெரியும், ஆனால் இது எனக்குத் தெரியாது.

மறுநாள் ஹரித்துவாரிலிருந்து சில்லா வழியாக ரிஷிகேஷ் போனோம். இது மலையடிவாரப் பாதை. ரிஷிகேஷ் பசுலோக் தடுப்பணையிலிருந்து சில்லா மின்நிலையத்துக்கு 14 கிலோமீட்டருக்கு மேல் ஒரு மின்கால்வாய் வருகிறது. சாலை அதன் ஓரமாகவே ராஜாஜி காட்டுக்குள் போகிறது. வலப்பக்கம் குன்று, இடப்பக்கம் தண்ணீர், சாலையில் யானை லத்தி. அங்கே அவன் பார்த்ததெல்லாம் கான்கிரீட்டின் விரிசலைத்தான். நான் யானை வருகிறதா என்று பார்த்தேன் :-)

ஊருக்குப் போன இரண்டாவது வாரம் அக்கா போன் செய்தாள். "பேங்க் பரீட்சை வேணாங்கிறான். உதவிப் பொறியாளர் பரீட்சை எழுதுறானாம். நீ என்னடா சொல்லிக் குடுத்த?" அவள் கோபம் நியாயம்தான். அத்தான் ஓய்வு பெற்றுவிட்டார், தங்கை கல்லூரியில் படிக்கிறாள். வங்கித் தேர்வு வருடாவருடம் வரும். மற்றது எப்போது அறிவிப்பார்கள் என்றே சொல்ல முடியாது. நான் சொன்ன பதில்: "ரெண்டையும் எழுதட்டும்க்கா. ஒண்ணு சோத்துக்கு, ஒண்ணு அவனுக்கு." அக்கா போனை வைத்துவிட்டாள். பயல் இரண்டுக்கும் படிக்கிறான். ஒரு முறை எழுதித் தவறவிட்டான், மறுபடி எழுதப்போகிறான். இந்தக் கால்வாய்க்குப் பொறியாளர்கள் வேண்டும் என்பதற்காகவே 1847-ல் ரூர்க்கியில் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அதுதான் இன்றைய ஐஐடி. படித்தவனுக்கு வேலை தயாராகக் காத்திருந்த காலம் அது. அந்தச் சுவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவன் ஞாபகம் வருகிறது.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள்: அக்டோபர் கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம், டிசம்பர்-ஜனவரி பனிமூட்டம் தவிர. தசராவை ஒட்டிப் பராமரிப்புக்காகக் கால்வாயில் தண்ணீரை நிறுத்துவார்கள், அடிமட்டம் வரை பார்க்கலாம். நம்ம ஆடி மாதத்தை ஒட்டிக் காவடி யாத்திரை, கரைப் பாதை முழுக்க பக்தர்கள்தான், சைக்கிளை வீட்டிலேயே வையுங்கள். சில்லா பாதையில் வெயில் வந்தபின் நுழைந்து, இருட்டும் முன் வெளியே வந்துவிடுங்கள். தண்ணீரில் இறங்கியே தீருவேன் என்றால் ஹரித்துவார் படித்துறையில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முங்குங்கள். கால்வாயில் மட்டும் வேண்டாம், நீச்சல் தெரிந்தவராக இருந்தால் முக்கியமாக வேண்டாம்.