கணக்குக் கொப்பிக்குள் ஒரு பேரரசு

சென்ற வருடம் எமது கல்லூரித் தமிழ் மன்றம் விஞ்ஞானச் சிறுகதைப் போட்டியொன்றை அறிவித்தபோது என் கையில் ஏற்கனவே ஒரு பேரரசு இருந்தது. பல மாதங்களாகக் கணிதக் கொப்பியின் பின்பக்கங்களில் நான் கட்டிவந்த விண்வெளிப் பேரரசு அது. நாற்பது கோள்கள், ஒரு சக்கரவர்த்தி, கோளுக்கு ஒரு பிரபு. வரைபடங்கள்கூட இருந்தன. கதைதான் இல்லை.

இந்தப் பைத்தியம் காக்காவின் மடிக்கணினியில் 'டியூன்' படம் பார்த்த நாளில் பிடித்தது. பிராங்க் ஹேர்பேர்ட் 1965இல் வெளியிட்ட நாவல் அது. அதில் வரும் சக்கரவர்த்தியின் பட்டம் பாதுஷா. அவர் ஒரு பாலைவனக் கோளை ஒரு குடும்பத்திடமிருந்து எடுத்து இன்னொரு குடும்பத்துக்கு மானியமாகக் கொடுக்கிறார். விண்கலங்களுக்கு நடுவே 'மஹ்தி' போன்ற நமக்குத் தெரிந்த சொற்கள் காதில் விழுந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு தேடிப் படித்ததில், ஐசாக் அசிமோவ் 1942 முதல் வெளியிட்ட 'பவுண்டேஷன்' கதைகளுக்கு உரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி கிப்பன் எழுதிய வரலாறுதான் தூண்டுகோல் என்று அறிந்தேன். எதிர்காலத்தை எழுதுகிறவர்கள் பழைய காலத்திலிருந்துதான் கடன் வாங்குகிறார்கள்.

நானும் வாங்கினேன், ஆனால் அவர்களிடமிருந்தே வாங்கினேன். என் பிரபுக்களுக்கு ஆங்கிலப் பெயர்கள். மாளிகைகளில் பனி கொட்டியது. முதற் பிரதியை வாசித்த தமிழ் டீச்சர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மகள். ஆனா இந்த அரசு எந்த ஊர்? எங்கட மட்டக்களப்புல ராசா, பிரபு, மானியம் ஒண்டுமே இருக்கயில்லையா?"

பதில் சொல்லத் தெரியாமல் நூலகத்துக்குப் போனேன். எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' முதலில் கைக்கு வந்தது. அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனேன்.

நிலமானிய முறை ஏன் உண்டாகிறது என்பதே எனக்கு அப்போதுதான் விளங்கியது. தூரத்திலுள்ள ஊரை அரசனால் நேரே ஆள முடியாது. செய்தி போய்ச் சேர நாட்கள் எடுக்கும். சம்பளம் கொடுக்கக் காசும் போதாது. ஆகவே நிலத்தைக் கொடுத்துச் சேவையை வாங்குகிறான். கண்டி இராச்சியத்தில் இதுதான் இராசகாரியம். நிலம் வைத்திருப்பவன் அதற்கு ஈடாக உழைக்க வேண்டும். அரசன் பிரதானிகளுக்குக் கொடுத்த நிலம் நிந்தகம. அதில் முத்தெட்டு என்ற பகுதியைக் குடியானவர்கள் பிரதானிக்காகவே கூலியில்லாமல் விதைத்து அறுத்துக் கொடுக்க வேண்டும். ஆங்கிலேயர் 1832இல் இராசகாரியத்தை ஒழித்தார்கள். ஆனால் கோயில் நிலங்களிலும் பிரதானிகளின் நிலங்களிலும் சேவை தொடர்ந்தது. 1870இல் வந்த சட்டம்தான் அதைப் பணமாகக் கட்டித் தீர்க்க வழிவிட்டது. விண்வெளியில் தூரம் இன்னும் பெரிது. அங்கே ஒரு பேரரசு இருந்தால் அதுவும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வாவியே நல்ல வரைபடமாக அமைந்தது. 56 கிலோமீற்றர் நீளமான வாவி. கிழக்கே சூரியன் எழும் எழுவான்கரை, மேற்கே சூரியன் படும் படுவான்கரை. எழுவான்கரையில் காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்கள். படுவான்கரையில் கண்ணுக்கெட்டிய வரை வயல்வட்டைகள். வாவியை விண்வெளியாக்கினேன். இரு கரைகளையும் இரு கோள்களாக்கினேன். மண்முனைத் துறையில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப்போன 'பாதை', 2014இல் பாலம் திறந்தபின் ஓய்ந்துபோன அந்த மிதவை, என் கதையில் விண்கலமானது.

மலைநாட்டிலிருந்த கண்டி மன்னன் என் சக்கரவர்த்தி. 1602இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பற்தலைவர் மட்டக்களப்பில் இறங்கித்தான் கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638இல், இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இடையில் 1626இல், போர்த்துக்கேயர் தம் பகுதிகளிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் சுமார் 4,000 பேரைச் செனரத் மன்னன் மட்டக்களப்பில் குடியேற்றினான் என்று வரலாறு சொல்கிறது. என் பேரரசில் அகதிக் கப்பல்கள் வந்திறங்கும் கோள் அப்படித்தான் பிறந்தது.

எல்லைக் காவற்கோளுக்கு ஏறாவூரை எடுத்தேன். முக்குவருக்கும் திமிலருக்கும் நடந்த சண்டையில் பட்டாணியர் முக்குவருக்குத் துணை நின்றார்கள், தோற்ற திமிலர் மீண்டும் ஏறி வராதபடி காவல் வைத்த ஊர் ஏறாவூர் என்பது நம்மவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. உதவி செய்தவர்களுக்குப் பெண்ணும் நிலமும் கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். சேவைக்கு நிலமும் உறவும் கொடுப்பது நிலமானிய முறையின் சாரம் அல்லவா? ஜப்பானிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அங்கே 1635 முதல் பிரபுக்கள் தலைநகர் எடோவுக்கும் தம் ஊருக்கும் மாறி மாறிப் போய்வர வேண்டும். மனைவி மக்களைத் தலைநகரிலேயே விட்டுவைக்க வேண்டும். என் பிரபுக்களின் பிள்ளைகளும் சக்கரவர்த்தியின் கோளில் பிணையாக வளர்ந்தார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது குடிமுறை. கிழக்கில் தமிழர்களைப் போல முஸ்லிம்களும் தாய்வழியாகவே குடி எண்ணுவார்கள். ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. குடிக்கொரு மரைக்காயர் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பார். வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேருவார். என் கதையில் விண்கலங்களைத் தாயிடமிருந்து மகள் பெற்றாள். போட்டிக்கு வந்த தோழியொருத்தி, "இதெல்லாம் எப்படிடி கற்பனை பண்ணுறாய்?" என்று கேட்டாள். கற்பனை எங்கே? அவளுடைய வீடும் அவள் உம்மாவின் பெயரில்தான் இருக்கிறது.

நெல் விளையும் கோளின் பிரபுவுக்கு நான் யாரையும் தேடவில்லை. எங்கள் மூத்தாப்பா போடியார். படுவான்கரையில் அவருக்கு வயல் இருந்தது. அவர் களவெட்டியில் நிற்கும்போது பேச்சே எழாது என்றும், பஞ்ச காலத்தில் வாசலுக்கு வந்தவர் எவரும் வெறுங்கையோடு போனதில்லை என்றும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். அவரையே வெள்ளித் தலைப்பாகையோடு விண்கலத்தில் ஏற்றினேன்.

கதையை முடித்து மூத்தம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "போடியார்ர கப்பலெல்லாம் நல்லா எழுதிரிக்காய் மகள். நெல்ல வெட்டினவன் எங்க?" என்றார்.

"யாரு மூத்தம்மா?"

"முல்லைக்காரன். அவனில்லாம என்ன போடியார்?"

முல்லைக்காரன் போடியாரின் வயலைப் பொறுப்பெடுத்துச் செய்பவன். விதைப்பு முதல் சூடு மிதிப்பு வரை வாடியிலேயே கிடப்பான். பன்றிக்கும் யானைக்கும் இரவில் காவல் இருப்பான். மாரி காலத்துச் சாப்பாட்டுக்குப் போடியாரிடம் முன்கூட்டியே நெல் வாங்குவான்; அறுவடையில் அது கழிக்கப்படும். இவ்வளவையும் சொல்லிவிட்டு மூத்தம்மா தன் பெட்டகத்திலிருந்து ஒரு நீளமான கொப்பியை எடுத்துத் தந்தார். மூத்தாப்பாவின் நெற்கணக்கு.

ஒரு கிழமை அந்தக் கொப்பியோடு இருந்தேன். எங்கள் முல்லைக்காரருக்குத் தனிப் பக்கங்கள் இருந்தன. எனக்கு முக்கியமாகப் பட்டது 1978. அந்த வருடம் நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. பயிர் போயிற்று. அடுத்த வரியில், மூத்தாப்பாவின் அழகான எழுத்தில், சாப்பாட்டுக்கு இத்தனை அவணம், விதைக்கு இத்தனை அவணம் என்று முல்லைக்காரர் பெயரில் பற்று. வெறுங்கையோடு அனுப்பாத போடியார் என்று நான் கேட்ட கதை இதுதான். கொடுத்தது உண்மை, கொடுத்ததை எழுதி வைத்ததும் உண்மை. புயல் இருவர் வயலிலும்தான் அடித்தது, ஆனால் நட்டம் ஒருவருடைய பக்கத்தில் மட்டும் ஏறியது. அடுத்தடுத்த போகங்களில் கொஞ்சம் கழியும், கொஞ்சம் கூடும். ஒரு தடவையும் அது பூச்சியத்துக்கு வரவில்லை. கடைசி வரி 1990. போர் இரு கரைகளையும் பிரித்ததால் பிறகு யாரும் வயலுக்குப் போகவில்லை. நிலுவை அப்படியே நிற்கிறது.

நிலமானிய முறையைப் பற்றிப் புத்தகங்களில் படித்தபோது அதை வாளும் சவுக்கும் தாங்கி நிற்பதாக நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுக் கொப்பியில் வாளும் இல்லை, சவுக்கும் இல்லை. காப்பாற்றிய கையே கட்டியும் போட்டது. மூத்தாப்பா கெட்டவர் அல்ல. அவர் காலத்தில் எல்லாப் போடிமாரும் செய்ததையே அவரும் செய்தார். பலரைவிட இரக்கமாகவும் செய்திருக்கலாம். அவர் நல்லவராக இருந்தும் கடன் தீராமல் வளர்ந்ததுதான் என்னைக் கலங்க வைத்தது.

கதையை மாற்றி எழுதப் போகிறேன் என்றபோது உம்மா சம்மதிக்கவில்லை. "மவுத்தாப்போன மனிசன். அவர்ர கணக்க ஏன் சபையில விரிக்கிறாய்?" என்று கண் கலங்கினார். உம்மாவின் பயம் ஊர்ப் பேச்சுக்கு மட்டுமானது அல்ல. மவுத்தானவரின் கடன் எவ்வளவு பாரமானது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். முல்லைக்காரர் எங்களுக்குக் கடன்காரர் என்று கொப்பி சொல்கிறது. ஆனால் கணக்கு நியாயமில்லாமல் எழுதப்பட்டிருந்தால் கடன்காரர் யார்? அந்தக் கேள்வியை உம்மா வாயால் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இருவரும் அன்றிரவு சாப்பிடாமல் படுத்தோம்.

இரண்டு நாள் கழித்து உம்மா கொப்பியை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். மாமா நெடுநேரம் பக்கங்களைப் புரட்டினார். பிறகு 1990ஆம் ஆண்டு நிலுவைக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, "கணக்கு முடிந்தது" என்று எழுதி, திகதி போட்டுக் கையொப்பம் வைத்தார். "கதைய எழுது. பேர் மட்டும் போடாத," என்றார்.

எழுதினேன். இம்முறை கதை நெற்கோளில் தொடங்குகிறது. சூரியப்புயல் வந்து பயிர் கருகிய இரவில், வாடியில் விளக்கை வைத்துக்கொண்டு ஒரு முல்லைக்காரரின் மகள் தன் வீட்டுக் கணக்கைத் தானே எழுதத் தொடங்குகிறாள். சக்கரவர்த்தி கடைசிவரை வருவதில்லை. அவருடைய கப்பலின் வெளிச்சம் மட்டும் ஒருமுறை வானத்தில் தெரிந்து மறைகிறது. போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. டீச்சர் மட்டும், "இப்ப ஊர் தெரியுது," என்றார்.

கோடு இழுத்தால் மட்டும் போதாது, சம்பந்தப்பட்டவருக்கும் தெரிய வேண்டும் என்று மூத்தம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். முல்லைக்காரர் இப்போது இல்லை. அவருடைய மகன் படுவான்கரையில் இருப்பதாக மாமா விசாரித்து வைத்திருக்கிறார். நோன்புப் பெருநாள் முடிய மண்முனைப் பாலத்தால் போய்ச் சந்திப்பதாக முடிவு. நானும் போகிறேன். எங்கள் கொப்பியில் அவர்களைப் பற்றி எழுதியிருப்பது எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் எங்களைப் பற்றி என்ன கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.