தவறவிட்டவன் கையில் மீண்டும் பந்து

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாரே,



ஜூன் மாதம் பிறந்து பள்ளிகள் திறந்துவிட்டன. நம் ஆலயத்தின் சுற்றுச்சுவருக்கு அப்பால் உள்ள மேல்நிலைப் பள்ளி மைதானத்தில் காலை ஆறு மணிக்கே பந்து சிமெண்டுத் தரையில் மோதும் ஓசை கேட்கிறது. அதிகாலை ஜெபத்திற்கு வருகிறவர்கள் அதைக் கேட்டிருப்பீர்கள். குறுவட்டப் போட்டிகள் நெருங்குகின்றன. சென்ற வாரம் ஜெப விண்ணப்பப் பெட்டியைத் திறந்தபோது அதில் ஒரு சீட்டு கிடந்தது. நம் பள்ளிப் பிள்ளைகள் இந்த வருஷமாவது கூடைப்பந்தில் ஜெயிக்க வேண்டும் என்று ஜெபிக்குமாறு யாரோ எழுதியிருந்தார்கள். பெயர் இல்லை.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். 'இந்த வருஷமாவது' என்ற சொல் என்னைத் தைத்தது. அதன் காரணத்தை இக்கடிதத்தின் நடுவில் சொல்லுவேன். அதற்கு முன், எதற்காக ஜெபிக்கிறோம் என்பதை அறிந்து ஜெபிக்க வேண்டும் அல்லவா? ஆகையால் மறுநாள் மாலை மைதானத்திற்குச் சென்று உடற்கல்வி ஆசிரியரிடம் அணியின் நிலைமையைக் கேட்டேன்.

அவர் மறைக்காமல் சொன்னார். சென்ற ஆண்டு களத்தில் இறங்கிய ஐவரில் நால்வர் பிளஸ் டூ முடித்துப் போய்விட்டனர். வளையத்தின் அடியில் நின்று பந்துகளைப் பறித்த உயரமான பையன் இப்போது கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறான். இருப்பவர்களில் மிக உயரமானவனே ஐந்தடி பத்தங்குலம்தான். நாம் முதலில் சந்திக்கக்கூடிய பள்ளியிலோ விளையாட்டு விடுதி மாணவர்கள் ஆடுகிறார்கள். அவர்களில் மூவர் ஆறடியைத் தாண்டியவர்கள். நம்மிடம் இருப்பது வேகம். பத்தாம் வகுப்பில் இரு சிறுவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் பிடிக்க முடிவதில்லை. ஆனால் வளையம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருக்கிறது. அது குட்டையானவர்களுக்காக இறங்கி வருவதில்லை.

"முதல் சுற்றைத் தாண்டினாலே சந்தோஷம் ஐயா. மாவட்டப் போட்டிக்குப் போவோம்னு நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார்.

அவருடைய நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. சாமுவேல் தீர்க்கதரிசி ஈசாயின் வீட்டில் எலியாபின் உயரத்தைக் கண்டு ஏமாந்ததையும், கர்த்தர் அவரைத் திருத்தியதையும் நாம் அறிவோம். ஆயினும் அந்த வேதப்பகுதியைக் கொண்டு, உயரம் தேவையில்லை என்று ஒரு கூடைப்பந்து ஆசிரியரிடம் வாதாடுவது விசுவாசமாகாது. கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறார் என்பது நம் நம்பிக்கை. எதிரணியின் பிள்ளைகளுக்கும் இருதயம் உண்டு, அவர்களுக்காக ஜெபிக்கும் தாய்மாரும் உண்டு என்பதையும் நாம் மறக்கலாகாது.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்பதை உங்களில் சிலர் அறிந்திருக்கலாம். இதை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித் கனடாவில் பிறந்தவர். மாண்ட்ரீல் நகரில் இறையியல் பயின்றவர். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் அவர் ஆசிரியராயிருந்தபோது, பனிக்காலத்தில் கூடத்திற்குள் ஆடத்தக்க ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. முரட்டுத்தனம் இல்லாத விளையாட்டாக அது இருக்க வேண்டும் என்று விரும்பி, பதின்மூன்று விதிகளை எழுதினார். காவலாளியிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டிகள் இல்லை. பீச் பழம் வைக்கும் கூடைகளே இருந்தன. அவற்றையே மாடத்தின் கைப்பிடியில் அறைந்தார். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றும் உலகமெங்கும் வளையம் அதே உயரத்தில் நிற்கிறது. பதினெட்டு மாணவர்கள் அணிக்கு ஒன்பது பேராகப் பிரிந்து ஆடினார்கள். அந்த முதல் ஆட்டத்தில் ஒரே ஒரு முறைதான் பந்து கூடைக்குள் விழுந்தது.

அந்த ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் வழியாகவே இவ்விளையாட்டு நம் நாட்டிற்கும் வந்தது. சென்னையில் 1920-ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் பயின்றவர்கள் நம் மாநிலத்தின் எத்தனையோ பள்ளிகளில் பணியாற்றியிருக்கிறார்கள்.

நெய்ஸ்மித்தைக் குறித்து என் மனதைத் தொட்ட செய்தி வேறொன்று. பின்னாளில் அவர் கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளரானார். அவர் காலத்தில் அந்த அணி 55 ஆட்டங்களில் வென்றது, 60 ஆட்டங்களில் தோற்றது. புகழ்பெற்ற அந்த அணியின் பயிற்சியாளர்களில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே. விளையாட்டைப் படைத்தவரே அதில் அதிகமாகத் தோற்றார்! ஆயினும் அந்த அறுபது தோல்விகளுக்காக எவரும் அவரை நினைவுகூருவதில்லை.

பிரியமானவர்களே, இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லுகிறேன்.

சென்ற ஆண்டு காலிறுதி ஆட்டத்தில் நம் பள்ளி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. நேரம் முடிந்த அந்தக் கணத்தில் எதிரணி செய்த தவறுக்காக நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. எறிய நின்றவன் நம் சபையின் பிள்ளை. இரண்டும் விழுந்தால் வெற்றி; ஒன்று விழுந்தால் சமநிலை. முதலாவது வளையத்தின் விளிம்பில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது வளையத்தையே தொடவில்லை. நம்மில் பலர் அங்கே இருந்தோம். நானும் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் நான் பாவத்தைக் குறித்துப் பிரசங்கித்தேன். புதிய ஏற்பாட்டில் பாவத்திற்கு வழங்கும் 'ஹமார்த்தியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் குறி தவறுதல் என்பது அடிப்படைப் பொருள். இறையியல் கல்லூரியில் கற்ற அந்த விளக்கத்தை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று அதற்கு ஓர் உவமை தேடினேன். "வியாழக்கிழமை சாயங்காலம் நாம் எல்லாரும் பார்த்தோமே, அதைப்போல" என்று சொல்லி, பந்தை எறிவதுபோல் கையையும் உயர்த்திக் காட்டினேன். சபை சிரித்தது. பெயரைச் சொல்லவில்லையே என்று அப்போது என் மனச்சாட்சி என்னைத் தேற்றியது. ஆனால் அவன் இடப்பக்கம் நான்காம் வரிசையில் தன் பாட்டியின் அருகில் உட்கார்ந்திருந்தான்.

அதன்பின் அவன் ஆலயத்திற்கு வரவில்லை. பரீட்சை நேரம் என்றார்கள், நம்பினேன். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள், அதையும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாயிருந்தது. பாட்டி மட்டும் தனியாக வந்து அதே இடத்தில் உட்காருவார்கள். பக்கத்து இடத்தில் வேதாகமப் பையை வைப்பார்கள். யாரும் அங்கே உட்காரவில்லை.

ஒரு பிள்ளை ஒரு பந்தைத் தவறவிட்டான், அது பாவமன்று. அவனைப் பாவத்திற்கு உவமையாக்கி நீங்கள் சிரிக்க வழி செய்தேனே, குறி தவறியது அங்கேதான். எறிந்தவன் நான்.

அன்று மைதானத்தில் ஆசிரியரிடம் பேசிக்கொண்டிருந்தபோதே அவனைக் கண்டேன். சென்ற ஆண்டின் ஐவரில் எஞ்சியிருப்பவன் அவன் ஒருவனே. மற்றவர்கள் போனபின்பும் தனியாக ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று எறிந்துகொண்டிருந்தான். எறிவான், ஓடிப்போய் எடுப்பான், திரும்பி வந்து எறிவான். "இந்த வருஷமும் ஃப்ரீ த்ரோ கிடைச்சா யார் எறிவாங்க?" என்று ஆசிரியரிடம் கேட்டேன். "அவன்தான் ஐயா. வேற யாரு?" என்றார். அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை.

அவருடைய பதில் ஒரு பழைய ஆட்டத்தை எனக்கு நினைவூட்டியது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மைலன் என்னும் சிற்றூர் உண்டு. 1954-இல் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் 161 மாணவர்களே படித்தார்கள். முந்தின ஆண்டு மாநிலப் போட்டியில் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்து தோற்றிருந்தார்கள். பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பிரிவில்லாமல் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மோதிய அந்த ஆண்டின் போட்டியில், பலமுறை பட்டம் வென்ற மன்சி சென்ட்ரல் பள்ளியை இறுதி ஆட்டத்தில் 32–30 என்று வென்றார்கள். கடைசி விநாடிகளில் வெற்றிப் புள்ளிகளை எடுத்தவர் பாபி பிளம்ப் என்னும் மாணவர். இது பலருக்குத் தெரியும். அதே கடைசிக் கால்பகுதியில், அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது, பிளம்ப் நான்கு நிமிடங்களுக்கும் மேலாகப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, இறுதியில் எறிந்து தவறவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. சிறிது நேரத்திற்குப் பின், தவறவிட்ட அதே கையில்தான் அணி கடைசிப் பந்தைக் கொடுத்தது.

மைலன் வென்றதினாலே நாமும் வெல்லுவோம் என்று இதைச் சொல்லவில்லை. அந்தக் கடைசிப் பந்தும் தவறியிருக்கலாம். தவறியிருந்தாலும், அதை அவரிடம் கொடுத்தது சரியே.

யோவான் சுவிசேஷத்தை எண்ணிப் பாருங்கள். பேதுரு ஆண்டவரை மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் அருகில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவருக்காகக் காத்திருந்ததும் ஒரு கரிநெருப்பின் அருகில்தான். அங்கே முதலில் கேள்வி எழவில்லை. மீனும் அப்பமும் பரிமாறப்பட்டன. உண்டு முடித்த பிறகே ஆண்டவர் பேசினார். மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை அன்பைக் கேட்டு, மூன்று முறையும் ஆடுகளை ஒப்படைத்தார். மறுதலித்த கதையை மற்றச் சீஷர்கள் நடுவில் உவமையாக்கிச் சிரிக்கவில்லை.

நான் கோட்டின் அருகே சென்றேன். என்னைக் கண்டதும் அவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். "தம்பி, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. தப்பு என்னுடையது. என்னை மன்னிச்சிரு" என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பரவாயில்லை ஐயா" என்று சொல்லி எறியத் தொடங்கினான். 'பரவாயில்லை' என்றால் எல்லாம் தீர்ந்தது என்று பொருளல்ல; பதினேழு வயதில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு. ஆகையால் நான் போகவில்லை. வளையத்தின் கீழே சென்று நின்றேன். அவன் எறிய எறிய, பந்தை எடுத்து அவனிடம் திருப்பிப் போட்டேன். ஐம்பதைத் தாண்டிய என் முதுகு அன்றிரவு அதை எனக்கு நினைவூட்டியது.

நெய்ஸ்மித்தின் முதல் கூடைகளுக்கு அடிப்பாகம் இருந்தது. பந்து விழுந்தால் உள்ளேயே தங்கிவிடும். யாராவது மேலேறி ஒவ்வொரு முறையும் அதை எடுத்துக் கீழே போட்டால்தான் ஆட்டம் தொடரும். அப்படிப் பந்தை எடுத்துக் கொடுத்தவர்களின் பெயர்களை நான் எங்கும் படித்ததில்லை. சபையாகிய நம் ஊழியமும் பெரும்பாலும் அதுதானோ என்று வளையத்தின் அடியில் நிற்கும்போது எண்ணினேன்.

இதை அவனுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். "எழுதுங்கய்யா, பேரு மட்டும் வேண்டாம்" என்றான். வரும் ஞாயிறன்று பீடத்தில் நின்றும் உங்கள்முன் என் குற்றத்தை அறிக்கையிடுவேன். உங்களிடமும் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். அவனைக் கடைவீதியில் கண்டால் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசாதிருங்கள். அவன் ஆலயத்திற்குத் திரும்பி வரும் நாளில், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேளாதிருங்கள். போட்டி நாளில் மைதானத்திற்கு வாருங்கள். முடிவு எதுவானாலும் கடைசிவரை இருங்கள்.

சீட்டு எழுதிய அன்பருக்கு என் பதில் இது. பிள்ளைகள் வெல்ல வேண்டும் என்று ஆசைப்படுவது தவறன்று. எனக்கும் அந்த ஆசை உண்டு. முதல் சுற்று கடினம், மாவட்டப் போட்டி தொலைவில் இருக்கிறது என்பதே உள்ள நிலைமை. ஆகவே அவர்கள் காயமின்றி ஆடவும், தோற்றால் தோற்றவர்களாக மாத்திரம் வீடு திரும்பவும், ஒருவனும் வெட்கத்தோடு ஒளிந்துகொள்ளாதிருக்கவும் ஜெபிக்கிறேன். நீங்களும் ஜெபியுங்கள்.

அன்று இருட்டும்வரை அவன் நாற்பது பந்துகள் எறிந்தான். இருபத்தேழு விழுந்தன. நான் எண்ணவில்லை, அவன்தான் எண்ணினான். புறப்படும்போது, "நாளைக்கும் வருவீங்களா ஐயா?" என்று கேட்டான்.

வருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கிருபையுள்ள ஆண்டவர் உங்களனைவரையும் காப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்