சனிக்கிழமைச் சம்பளம்

லூக்கா சுவிசேஷத்தின் 3-ஆம் அதிகாரத்தில் ஒரு பகுதி என்னை எப்போதும் நிறுத்திவிடும். யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகன் மனந்திரும்புங்கள் என்று பிரசங்கிக்கிறார். கேட்டவர்கள் கலங்கிப்போய், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்று கூட்டத்துக்குப் பதில் சொல்கிறார். ஆயக்காரர்களிடம், விதித்ததற்கு மேல் வசூலிக்காதீர்கள் என்கிறார். போர்ச்சேவகர்களிடம், யாரையும் மிரட்டிப் பறிக்க வேண்டாம், பொய்க் குற்றம் சாட்ட வேண்டாம், வாங்கும் சம்பளம் போதும் என்றிருங்கள் என்கிறார்.

வேலையை விட்டுவிட்டு வா என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. இத்தனை நாள் உபவாசம் இரு என்றும் அந்த இடத்தில் சொல்லவில்லை. அவரவர் தொழிலில் கை எங்கே நீளுமோ அந்த இடத்தையே தொட்டுப் பேசினார். ஆயக்காரர் மனந்திரும்பினாரா என்பது அவர் உட்கார்ந்திருக்கும் ஆயத்துறையில்தான் தெரியும். நம் விசுவாசமும் முதலில் நம் கொடுக்கல் வாங்கலில் தெரிய வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் அப்பா நாசரேத் பக்கம் ஒரு சிற்றூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்கிறவர் இல்லை. குடும்ப ஜெபத்தையும் சுருக்கமாக முடித்துவிடுவார். ஆனால் கடையில் அவருக்கென்று சில முறைகள் இருந்தன. ஊரில் பலரும் சின்னப் பிள்ளைகள் கையில் துட்டையும் பையையும் கொடுத்துச் சாமான் வாங்க அனுப்புவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நிறுக்கும்போது அப்பா அவசரப்படவே மாட்டார். தட்டைத் துடைப்பார், தராசு முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பார், பிறகு இன்னும் கொஞ்சம் போடுவார். “பெரிய ஆளுன்னா முள்ளப் பாத்துக் கேப்பான். சின்னப் பிள்ளைக்கு யாரு பாப்பா?” என்று கடைப் பையனிடம் சொல்வார். கடன் நோட்டில் பற்று எழுதும்போது வாங்கியவரை எதிரில் நிறுத்தி, வாசித்துக் காட்டிவிட்டுத்தான் நோட்டை மூடுவார். எழுத்து தெரியாதவர்களின் கணக்கில்தான் தவறு நடக்கும் என்பது கடைக்காரர்களுக்குத் தெரியும். கள்ளத் தராசைக் கடவுள் வெறுக்கிறார் என்று நீதிமொழிகளில் இருப்பதை நான் பிறகுதான் படித்தேன். கடையில் அதை முன்பே பார்த்திருந்தேன்.

இப்படித் தொழிலிலேயே விசுவாசத்தைக் காட்டிய இன்னொருவரும் உண்டு. மிஷனரிப் பெற்றோரின் மகனாகக் கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை வளர்த்தெடுத்தார். அதோடு நிற்கவில்லை. விரல் நிமிர்ந்தவர் பிழைப்புக்கு எங்கே போவார் என்று யோசித்துத் தச்சு வேலை கற்றுக்கொடுக்க வழி செய்தார். உணர்ச்சியற்ற பாதங்களில் புண் வராமல் இருக்க எந்த ரப்பரில் செருப்புச் செய்யலாம் என்று தேடினார். அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் செருப்பின் அடிப்பாகத்துக்காக அவ்வளவு கவலைப்பட்டதை நான் ஒரு பிரசங்கத்துக்கு மேலாக மதிக்கிறேன்.

காணிக்கையிலும் இந்த நேர்மையைப் பார்க்கலாம். திருநெல்வேலிக் கிறிஸ்தவ வீடுகளில் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனியாகச் சேர்த்துவைப்பார்கள். பிடியரிசிக் காணிக்கை என்பது அதுதான். 1903-ல் வி. எஸ். அசரியா முதலானோர் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் நம் மக்கள் கொடுப்பதைக் கொண்டே நடக்க வேண்டும் என்று நின்றது. இப்படிப்பட்ட சிறு காணிக்கைகள் எத்தனையோ ஊழியங்களைத் தாங்கியிருக்கின்றன. கொடுப்பவரின் சொந்த உலையில் ஒரு பிடி குறைகிறது. அடுத்தவர் உலையில் யாரும் கை வைக்கவில்லை. அதனால்தான் அந்தக் காணிக்கைக்கு அவ்வளவு மரியாதை.

ஆனால் தாராளமாகக் காணிக்கை கொடுக்கும் சில வீடுகளில் வேலையாட்களின் சம்பளம் இழுபடுவதை நான் பார்த்திருக்கிறேன். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கொடுக்க வேண்டியதை “திங்கக்கெழம வாங்க” என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் காணிக்கைக் கவரை ஒட்டுகிறோம். அந்தச் சித்தாள் அன்று இரவு எந்தக் கடையில் கடன் சொல்வார்? பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு ஒரு வாரம் வராவிட்டால் அந்த நாட்களைக் கழித்துக்கொள்கிறோம். அவருக்காக ஜெபத்தில் ஒரு வரியும் சேர்க்கிறோம். கூலியை ஓர் இரவுகூடக் கையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம். பிடித்துவைத்த கூலியின் கூக்குரல் கடவுளின் காதுக்குப் போய்ச் சேரும் என்று யாக்கோபு தம் நிருபத்தில் எச்சரிக்கிறார். இந்த இரண்டையும் படித்துவிட்டு அந்த ஜெபத்தை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதே அம்மாவுக்குக் காபி கொடுக்கும் டம்ளரையும் பாருங்கள். அது தனியாக ஜன்னல் திண்டில் இருக்கிறதா, மற்ற டம்ளர்களோடு அடுக்கில் இருக்கிறதா? வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதி பார்த்து மக்களைப் பிரித்து உட்காரவைத்த சுவர் 1910-ல் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டங்களில் பிரிவினை இன்னும் தீர்ந்தபாடில்லை. சுவரை இடிக்கச் சபைக்கமிட்டியும் நீதிமன்றமும் தேவைப்படலாம். டம்ளரை அடுக்கில் சேர்த்துவைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒரே அப்பத்தையும் ஒரே பாத்திரத்தையும் பகிர்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து இதைச் செய்யாமல் இருப்பது திருவிருந்தையே அவமதிப்பது.

பலிபீடத்தின் முன் காணிக்கையோடு நிற்கும்போது, சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று இயேசு சொன்னார். உங்களிடம் வேலை செய்த யாருக்காவது பாக்கி இருந்தால் இந்தச் சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்; நீங்களே அவர் வீட்டுக்குப் போய்க் கொடுங்கள்.