அச்சுக்குப் போகாத விவரம்

முப்பது, நாற்பது வருடம் பழைய பாலியல் வழக்கில் துணி இருக்காது, மருத்துவக் குறிப்பு இருக்காது. ஒருவரையொருவர் அறியாத நாலு பேர் தனித்தனியே வந்து ஒரே மாதிரி சொல்வதுதான் அதன் முதுகெலும்பு. நீதிமன்றச் செய்தி எழுதுகிற நாங்கள் நினைத்தால் ஒரே நாள் பேப்பரில் அதை முறித்துவிடலாம்.

புதிதாக வரும் நிருபர்களுக்கு ஸ்டூவர்ட் ஹால் வழக்கைச் சொல்வேன். பிபிசியில் கால்பந்து வர்ணனை செய்து பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்த மனிதர். 2012-இல் பத்தி எழுத்தாளர் யாஸ்மின் அலிபாய்-பிரவுனுக்கு ஹால் மீது குற்றம் சாட்டும் ஒரு பெண்ணின் பெயரில்லாக் கடிதம் வந்தது. அவர் அதைப் போலீசிடம் சேர்த்தார். ஹால் கைதான செய்தி பரவியதும் இன்னும் பலர் புகார் கொடுத்தார்கள். நீதிமன்ற வாசலில் எல்லாம் பொய் என்று முழங்கியவர், 2013 ஏப்ரலில் 13 சிறுமிகளிடம் அத்துமீறியதை ஒப்புக்கொண்டார். அந்தப் பெண்களுக்குள் பழக்கமே கிடையாது, ஆனாலும் அநேகமாக எல்லாரும் சொன்னது வியக்கும்படி ஒத்துப்போனது என்றார் அரசு வழக்கறிஞர் நசீர் அப்சல்.

பெயர் வெளிவந்ததால்தான் மற்றவர்கள் வந்தார்கள். ஆனால் பெயரோடு சேர்த்து, நடந்த விதத்தையும் வரிவரியாகப் போட்டுவிட்டால்? "பேப்பரில் படித்ததைத்தானே சொல்கிறீர்கள்?" குறுக்கு விசாரணையில் இந்த ஒரு கேள்வி போதும். இன்னொரு ஆபத்து, அவசரப்பட்டு நம்புவது. 'நிக்' என்ற புனைபெயரில் பாலியல் புகார் கொடுத்தவர் சொல்வது உண்மை என்று 2014-இல் லண்டன் போலீஸ் அதிகாரி ஒருவர் கேமரா முன்பே அறிவித்தார். 2019-இல் அந்த 'நிக்', அதாவது கார்ல் பீச்சுக்கு, பொய்ப் புகார் உள்ளிட்ட குற்றங்களுக்காக 18 ஆண்டு சிறை.

அறையின் நிறம், அவன் சொன்ன வார்த்தை, கையில் திணித்த பரிசு: செய்திக்கு உயிர் கொடுப்பவை இவைதான். இவற்றைத்தான் நான் முதலில் வெட்டுகிறேன். டெஸ்க்கில் முனகுவார்கள். போட்டிப் பத்திரிகை அதையே தலைப்பாக்கினால் முனகல் திட்டாகும். பேசிய பெண்களுக்கும் வருத்தம்தான். "நான் சொன்னதுல பாதியக் காணோமே சார்?" என்று கேட்பார்கள். போலீசில் வாக்குமூலம் பதிவான பிறகு மீதியைப் பார்க்கலாம் என்பேன். சிலர் அதை ஏற்பார்கள்.

போலீசுக்கே போகமாட்டேன் என்பவரிடம் இந்த நியாயம் எடுபடாது. அவருக்கு வழக்கு இல்லை, பேப்பர் மட்டும்தான். அவர் சம்மதித்தால் அநேகமாக எல்லாவற்றையும் எழுதுவேன். ஒரே ஒரு விவரத்தை மட்டும், அவரிடமே சொல்லிவிட்டு, நோட்டில் நிறுத்திக்கொள்வேன். நாளைக்கு வேறொருத்தி வந்து அதையே சொல்லக்கூடும்.